மாசம் 750 டாலர்: ஒரு காலேஜ் டீமை இழுத்து மூடிய கதை

யு.எஸ்.-ல எம்.எஸ். படிக்கப் போன சீனியர்கள் செப்டம்பர் மாசம் ஆனா போடுற இன்ஸ்டா ஸ்டோரிகளைப் பார்த்திருப்பீங்க. ஒரே கலர் டி-ஷர்ட்ல கடல் மாதிரி கூட்டம், நடுவுல பச்சை மைதானம், கீழே "கேம் டே"ன்னு ஒரு வரி. நேஷனல் டீம் ஆடுற மேட்ச்னு நினைச்சிடாதீங்க. அது அந்தக் காலேஜ் பசங்க ஆடுற மேட்ச். டெக்சஸ் ஏ அண்ட் எம் யூனிவர்சிட்டியோட கைல் ஃபீல்ட் ஸ்டேடியத்தில் ஒரு லட்சத்து இரண்டாயிரத்துக்கும் மேல சீட் இருக்கு. நம்ம சேப்பாக்கத்தை ரெண்டு தடவை நிரப்பினாலும் அந்தக் கூட்டம் வராது.

ஆட்டத்தோட பேரு ஃபுட்பால். மெஸ்ஸி ஆடுறது வேற. இது ஹெல்மெட் மாட்டிக்கிட்டு, முட்டை வடிவப் பந்தைக் கையில் தூக்கிட்டு ஓடி, எதிர்ல வர்றவனை மோதித் தள்ளுற ஆட்டம். டிக்கெட், டி.வி. உரிமை, ஸ்பான்சர்னு இதுல புழங்குற காசு கொஞ்சநஞ்சம் இல்ல. 1982-லயே டெக்சஸ் ஏ அண்ட் எம் தன்னோட புது கோச் ஜாக்கி ஷெரிலுக்கு வருஷத்துக்கு இரண்டரை லட்சம் டாலருக்கு மேல் கொடுக்க ஒப்பந்தம் போட்டது. அப்போ ஒரு ப்ரொஃபசரால கனவுகூட காண முடியாத சம்பளம் அது.

ஆடுற பையனுக்கு? ஃபீஸ், புத்தகம், ஹாஸ்டல், சாப்பாடு. அவ்வளவுதான். ஸ்காலர்ஷிப் என்ற பேரில் இதைத் தாண்டி ஒரு டாலர்கூட வாங்கக் கூடாது. என்.சி.ஏ.ஏ. என்ற அமைப்புதான் அங்கே காலேஜ் விளையாட்டுகளுக்கு எல்லாம் தலைமை. அதோட ரூல் புக்கில் இந்தத் தடை ரொம்ப நுணுக்கமா எழுதப்பட்டிருந்தது. முழு ஸ்காலர்ஷிப் வாங்குற பையன் செமஸ்டர் நடக்கும்போது பார்ட் டைம் வேலைக்குக்கூடப் போக முடியாத காலம் அது. அப்பா அம்மா கையில் காசு இல்லாத வீட்டிலிருந்து வந்தவனுக்கு, லீவுக்கு ஊருக்குப் போக டிக்கெட் எடுப்பதே பெரிய கணக்கு. கோச் பாவம் பார்த்து ஒரு டிக்கெட் போட்டுக் கொடுத்தால் அது விதிமீறல்.

இவங்களை "ஸ்டூடன்ட்-அத்லெட்"னு கூப்பிடுவாங்க. கேட்க மரியாதையான வார்த்தை மாதிரிதான் இருக்கு. ஆனா அது எதுக்காக வந்ததுன்னு என்.சி.ஏ.ஏ.வை 1951-ல் இருந்து முப்பத்தஞ்சு வருஷத்துக்கு மேல நடத்தின வால்டர் பையர்ஸே, 1995-ல் வெளியான தன்னோட புத்தகத்தில் எழுதிட்டார். மைதானத்தில் அடிபட்ட பையனை "இவன் காலேஜோட தொழிலாளி"ன்னு கோர்ட் முடிவு பண்ணிட்டா நஷ்ட ஈடு கொடுக்கணும். அந்தப் பயத்தில் உருவாக்கி, எல்லா இடத்திலும் கட்டாயமாப் புழங்க வைத்த சொல் அது. ரூல் எழுதினவரே ரிடையர் ஆனபிறகு அந்த ரூலைத் திட்டி புத்தகம் போட்டார்னா, உள்ளே எவ்வளவு ஓட்டை இருந்திருக்கும்னு யோசிச்சுக்கோங்க.

சரி, இப்போ பூஸ்டர் யாருன்னு பார்ப்போம். ஒரு காலேஜோட டீமுக்குப் பணம் கொடுக்குற, டீம்மேல வெறியா இருக்குற வசதியான ஆள்தான் பூஸ்டர். பெரும்பாலும் அந்தக் காலேஜின் பழைய மாணவர். எண்ணெய்க் கிணறு, ரியல் எஸ்டேட், கார் டீலர்ஷிப்னு ஏதோ ஒண்ணு வச்சிருப்பார். ஸ்டேடியத்துக்கு நன்கொடை கொடுக்கலாம், கோச் சம்பளத்துக்குப் பணம் சேர்க்கலாம், ஜிம் கட்டி அதில் தன் பேரைப் பொறிச்சுக்கலாம். இதெல்லாம் சட்டப்படி சரி. ஆனா, ஆடுற பையன் கையில் இருபது டாலர் வச்சா தப்பு. பக்கெட் பக்கெட்டாத் தண்ணி ஊத்திட்டு, ஒரே ஒரு பைப்பை மட்டும் மூடி வச்சா என்ன ஆகும்? லீக் ஆகும். ஆச்சு.

அந்த லீக்குக்குப் பேர்போன இடம் டெக்சஸில் டாலஸ் நகரத்தில் இருக்கும் சதர்ன் மெதடிஸ்ட் யூனிவர்சிட்டி. சுருக்கமா எஸ்.எம்.யூ. சர்ச் சார்ந்த, வசதியான வீட்டுப் பிள்ளைகள் படிக்குற ஒரு தனியார் யூனிவர்சிட்டி. மாணவர் எண்ணிக்கையில் பக்கத்து ஜாம்பவான்களான யூனிவர்சிட்டி ஆஃப் டெக்சஸ், ஏ அண்ட் எம் ரெண்டுக்கும் முன்னால் சின்னப் பையன். ஆனா எழுபதுகளின் கடைசியில் டாலஸில் எண்ணெய்ப் பணமும் நிலப் பணமும் ஆறா ஓடுது. அந்தப் பணக்காரர்கள் எல்லாம் வார நாளில் ஒரே ஆபீஸ் கட்டடங்களில் முகத்துக்கு முகம் பார்க்குறவங்க. சனிக்கிழமை மேட்ச்சில் தோத்தா திங்கட்கிழமை லஞ்சில் பக்கத்து மேஜைக்காரர் கிண்டல் பண்ணுவார். கேட்கச் சின்ன விஷயமாத் தெரியும். இந்தக் கதையில் பாதி அந்தக் கிண்டலுக்குப் பயந்து செலவழிச்ச காசுதான்.

1979-ல் எரிக் டிக்கர்சன் என்ற பள்ளி மாணவனைப் பிடிக்க டெக்சஸ் முழுக்கப் போட்டி. அவன் ஏ அண்ட் எம்முக்குப் போவான் என்றுதான் எல்லாரும் நினைச்சாங்க. அந்த நேரத்தில் அவனிடம் தங்க நிறத்தில் ஒரு புத்தம் புது போன்டியாக் ட்ரான்ஸ் ஆம் கார் வந்து சேர்ந்தது. பாட்டி வாங்கிக் கொடுத்ததுன்னு பதில். கடைசியில் கார் அவனிடம் இருந்தது, அவன் எஸ்.எம்.யூ.வில் இருந்தான். அந்தக் கார் எங்கிருந்து வந்தது என்பது டெக்சஸ் டீக்கடைகளில், சரி, டெக்சஸ் பார்களில், பல வருஷம் ஓடின விவாதம். டிக்கர்சனும் க்ரெய்க் ஜேம்ஸும் சேர்ந்து ஓடின ஓட்டத்தில் 1982-ல் எஸ்.எம்.யூ. ஒரு மேட்ச்கூடத் தோற்கவில்லை. பதினொரு வெற்றி, ஒரு டிரா. நாட்டிலேயே இரண்டாவது இடம்.

எஸ்.எம்.யூ. மட்டும்தான் இப்படின்னு நினைக்க வேண்டாம். அது ஆடின சவுத்வெஸ்ட் கான்ஃபரன்ஸில் பெரும்பாலான காலேஜ்கள் அந்தப் பத்து வருஷத்தில் ஏதோ ஒரு விதிமீறலுக்குத் தண்டனை வாங்கினவைதான். பக்கத்து ஊர் ஃபோர்ட் வொர்த்தில் இருக்கும் டி.சி.யூ.வின் கோச் ஜிம் வாக்கர் 1985-ல் ஒரு காரியம் பண்ணார். தன் டீம் பசங்க பூஸ்டர்களிடம் பணம் வாங்குறாங்கன்னு தெரிஞ்சதும், நட்சத்திர வீரர் கென்னத் டேவிஸ் உட்பட சிலரை அவரே சஸ்பெண்ட் பண்ணி, என்.சி.ஏ.ஏ.வுக்கும் அவரே தகவல் சொன்னார். பரிசாகக் கிடைச்சது கடுமையான தண்டனை: ஸ்காலர்ஷிப் வெட்டு, டி.வி. வருமானம் போச்சு. மத்த கோச்சுகள் இதிலிருந்து என்ன பாடம் கத்திருப்பாங்கன்னு நான் சொல்லித் தெரியணுமா?

எஸ்.எம்.யூ. திரும்பத் திரும்ப மாட்டியது. 1985 ஆகஸ்டில் மூணு வருஷ ப்ரொபேஷன், ஸ்காலர்ஷிப் வெட்டு, சீசன் கடைசியில் நடக்கும் பௌல் மேட்ச்களுக்குத் தடை. அதே வருஷம்தான் என்.சி.ஏ.ஏ. ஒரு புது விதியும் போட்டிருந்தது: ஒரு பெரிய குற்றத்துக்குத் தண்டனை வாங்கி அஞ்சு வருஷத்துக்குள் இன்னொரு பெரிய குற்றம் பண்ணினால், அந்த விளையாட்டையே நிறுத்தி வைக்கலாம். பத்திரிகைகள் இதுக்கு வச்ச பேரு "டெத் பெனால்டி".

இங்கேதான் எனக்கு ரொம்ப சுவாரசியமான இடம் வருது. இவ்வளவு பெரிய கத்தி தலைக்கு மேல தொங்குறப்போ, புத்தி உள்ளவங்க பணம் கொடுக்குறதை அன்னைக்கே நிறுத்தியிருக்கணும் இல்லையா? அவங்க நிறுத்தலை. காரணம் பேராசை மட்டும் இல்ல.

அவங்க இடத்தில் இருந்து யோசிச்சுப் பாருங்க. பள்ளியிலிருந்து கூட்டிட்டு வரும்போதே ஒரு பையனிடம், வீட்டிலேயும், நாலு வருஷம் மாசாமாசம் இவ்வளவு தர்றோம்னு வாக்கு கொடுத்தாச்சு. எழுத்தில் எதுவும் இல்ல. இப்போ நிறுத்தினா அந்தப் பையன் கோர்ட்டுக்குப் போக முடியாது. ஆனா ஒரு பத்திரிகைக்காரருக்கு ஃபோன் பண்ண முடியும். அதனால ஒவ்வொரு மாசமும் போற கவர் ரெண்டு வேலை செய்தது. ஆடுறதுக்குக் கூலி, வாயை மூடுறதுக்கும் கூலி. கறுப்புல வேலை வாங்கினவன் கறுப்புல இருந்து வெளியே வர முடியாம மாட்டிக்கிட்டான்.

யூனிவர்சிட்டியின் நிர்வாகக் குழுத் தலைவராக அப்போ இருந்தவர் பில் கிளெமென்ட்ஸ். எண்ணெய்த் துறைத் தொழிலதிபர், ஒரு தடவை டெக்சஸ் கவர்னராவும் இருந்தவர். புதுப் பசங்களுக்குக் கொடுக்க வேண்டாம், ஏற்கெனவே வாக்கு கொடுத்தவங்களுக்கு அவங்க படிப்பு முடியும்வரை கொடுத்து, மெதுவா முடிச்சுக்கலாம் என்பதுதான் மேலிடத்தில் எடுத்த முடிவு. நம்ம பாஷையில் சொன்னா, பழைய பேட்ச்சுக்குப் பழைய ரெகுலேஷன். என்.சி.ஏ.ஏ.விடம் இனிமே ஒழுங்கா இருப்போம்னு சொல்லிட்டு வந்த அதே நேரத்தில் இந்த ஏற்பாடு ஓடிக்கிட்டு இருந்தது.

இதை உடைச்சவர் டேவிட் ஸ்டான்லி. லைன்பேக்கர் இடத்தில் ஆடினவர், டீமை விட்டு வெளியே வந்தவர். டாலஸின் டபிள்யூ.எஃப்.ஏ.ஏ. சேனலில் டேல் ஹான்சனும் ப்ரொட்யூசர் ஜான் ஸ்பார்க்ஸும் அவரைத் தேடிப் பிடிச்சாங்க. சேர்றதுக்கு 25,000 டாலர், அப்புறம் மாசாமாசம் 750 டாலர் வாங்கினதா ஸ்டான்லி கேமரா முன்னால் சொன்னார். வாய்ச்சொல் மட்டும் போதாதே. கையில் ஒரு கவர் இருந்தது. அவர் வீட்டு முகவரிக்கு வந்த கவர், எஸ்.எம்.யூ.வில் ஆள் பிடிக்கும் பொறுப்பில் இருந்த ஹென்றி லீ பார்க்கரின் இனிஷியல் அதில் இருந்தது. 1985 ஆகஸ்ட் தண்டனைக்கு அப்புறம் தபாலில் போட்டது.

ஹான்சன் அந்தக் கவரை பார்க்கர் கையிலேயே கொடுத்து இது யார் கையெழுத்துன்னு கேட்ட காட்சி, அமெரிக்க விளையாட்டு ஜர்னலிசத்தில் இன்னைக்கும் பேசப்படுது. பார்க்கரோடு கோச் பாபி காலின்ஸும் அத்லெடிக் டைரக்டர் பாப் ஹிட்ச்சும் உட்கார்ந்திருந்தாங்க. கவரைப் பார்த்த நொடியிலிருந்து பதில் தடுமாறுது. யாரும் கத்தலை, அழலை. வைவாவில் தெரியாத கேள்வி வந்தா நம்ம மூஞ்சி எப்படிப் போகும், அந்த மூஞ்சி. 1986 நவம்பர் 12-ஆம் தேதி அது ஒளிபரப்பானது. அதுக்கு ஒரு வாரம் முன்னால்தான் கிளெமென்ட்ஸ் மறுபடியும் கவர்னர் தேர்தலில் ஜெயிச்சிருந்தார்.

1987 பிப்ரவரி 25 அன்று தீர்ப்பு. 1987 சீசன் முழுவதும் ரத்து. 1988-ல் சொந்த ஊரில் ஒரு மேட்ச்கூட ஆடக் கூடாது. நாலு வருஷத்தில் 55 ஸ்காலர்ஷிப் வெட்டு. தீர்ப்பை அறிவிச்ச என்.சி.ஏ.ஏ. அதிகாரி டேவிட் பெர்ஸ்ட், நிருபர்கள் முன்னாலேயே மயங்கி விழுந்தார். அடுத்த வாரம் கவர்னர் கிளெமென்ட்ஸ் நிருபர்களைக் கூப்பிட்டு, பணம் தொடர்ந்து கொடுக்கலாம் என்ற முடிவு தனக்குத் தெரிஞ்சே நடந்ததுன்னு ஒப்புக்கிட்டார். ஒரு மாகாணத்தின் கவர்னர், காலேஜ் பசங்களுக்குக் கவர் போன கதைக்குப் பதில் சொல்லிட்டு நிக்குறார்.

என்.சி.ஏ.ஏ. விசாரணையில் உறுதியான தொகை எவ்வளவு தெரியுமா? 1985-86 கல்வியாண்டில் 13 வீரர்களுக்கு மொத்தம் 47,000 டாலர். அதில் 8 பேருக்கு 1986 செப்டம்பரிலிருந்து டிசம்பர் வரை 14,000 டாலர். ஆக 61,000. ஒரே ஒரு பூஸ்டர் கொடுத்தது. மாசத்துக்கு ஆளுக்கு 50 டாலரிலிருந்து 725 டாலர் வரை. அதே சமயம், இந்த விவகாரத்தில் பதவி விலகின கோச், டைரக்டர், பார்க்கர் மூணு பேருக்கும் யூனிவர்சிட்டி செட்டில்மென்டாகக் கொடுக்க ஒத்துக்கிட்ட தொகை 8 லட்சத்து 50 ஆயிரம் டாலருக்கும் மேல். மெதடிஸ்ட் சர்ச்சின் பிஷப்புகள் அதே வருஷம் விசாரிச்சு அறிக்கை கொடுத்ததில் இதெல்லாம் வெளியே வந்தது. ரெண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வச்சுப் பாருங்க. முதலாவது குற்றம், இரண்டாவது கான்ட்ராக்ட்.

தண்டனை யார் தலையில் விழுந்தது? நல்ல வீரர்களுக்கு வேற காலேஜுக்கு உடனே மாற அனுமதி கிடைச்சது. தீர்ப்பு வந்த கையோடு பல காலேஜ்களின் ஆட்கள் எஸ்.எம்.யூ. வளாகத்தில் வந்து இறங்கி, கையில் லிஸ்ட்டோடு பசங்களைத் தூக்கிட்டுப் போனாங்க. நம்ம ப்ளேஸ்மென்ட் டே ஒண்ணுன்னு வச்சுக்கோங்களேன். யாரும் கேட்காத பசங்க, பைசா வாங்காத பசங்க, படிப்புக்காகவே அங்கே இருந்த பசங்க, அவங்கதான் மிச்சம். 1988-ல் வெளியூர் மேட்ச் மட்டும் ஆடலாம்னு இருந்த அனுமதியையும் யூனிவர்சிட்டி வேண்டாம்னு விட்டுட்டது. டீமே இல்லாம எதை வச்சு ஆட? 1989-ல் முதல் வருஷப் பசங்களை வச்சுத் திரும்ப இறங்கினப்போ ஹூஸ்டன் யூனிவர்சிட்டியிடம் 95-21 என்று தோத்தாங்க. 95! அடுத்த இருபது வருஷத்தில் தோல்வியைவிட வெற்றி அதிகமா இருந்தது ஒரே ஒரு சீசன். மறுபடியும் ஒரு பௌல் மேட்ச் ஆடினது 2009 டிசம்பரில். விளைவைப் பார்த்து என்.சி.ஏ.ஏ.வுக்கே கை நடுங்கியிருக்கணும். அந்தத் தரத்தில் ஆடுற எந்த ஃபுட்பால் டீமுக்கும் அதுக்கப்புறம் இன்னைக்கு வரை டெத் பெனால்டி கொடுக்கலை.

எஸ்.எம்.யூ. நிர்வாகம் தண்டனைக்குத் தகுதியானதுதான் என்பது என் கருத்து. திருந்திட்டோம்னு சொல்லிக்கிட்டே கவர் அனுப்பினவங்க மேல எனக்கு இரக்கம் இல்ல. ஆனா அந்த 725 டாலரை வாங்கின பையன் என்ன திருடினான்? தன் உழைப்புக்கு ஒருத்தர் மனசாரக் கொடுத்த காசை வாங்கினான். அதைக் குற்றம்னு எழுதினது, அதே பையனின் ஆட்டத்தை டி.வி.க்கு வித்த காலேஜ்கள் சேர்ந்து நடத்துற ஒரு சங்கம். இந்தக் கேள்வி கோர்ட்டில் ஜெயிக்க முப்பது வருஷத்துக்கு மேல ஆச்சு.

2021 ஜூன் மாசம் ஆல்ஸ்டன் வழக்கில் அமெரிக்க சுப்ரீம் கோர்ட் ஒன்பதுக்கு பூஜ்யம் என்று என்.சி.ஏ.ஏ.வுக்கு எதிராகத் தீர்ப்பு சொன்னது. வழக்கே படிப்பு சார்ந்த உதவிகளைப் பத்தினதுதான். ஆனா நீதிபதி கவனா தனியாக எழுதின கருத்தில் ஒரு படி மேலே போனார். வேற எந்தத் தொழிலிலாவது முதலாளிகள் எல்லாம் கூடி, வேலை செய்றவனுக்குச் சம்பளமே தர வேண்டாம்னு பேசி வச்சுக்கிட்டா அது சட்டவிரோதம், விளையாட்டுக்கு மட்டும் என்ன தனிச் சலுகை என்பது அவர் வாதம். பத்தே நாளில், ஜூலை 1 முதல், வீரர்கள் தங்கள் பேர், முகம், அடையாளத்தை வச்சு விளம்பரத்தில் சம்பாதிக்கலாம்னு என்.சி.ஏ.ஏ. வழி விட்டது. இதைத்தான் என்.ஐ.எல். என்கிறார்கள். எஃப்-1 விசாவில் போன வெளிநாட்டு வீரர்களுக்கு மட்டும் இதில் சிக்கல். வேலைக்கான கட்டுப்பாடு அவங்களுக்கு அப்படியே இருக்கு. எம்.எஸ். போற நம்மாளுங்களுக்கு இந்த வலி புரியும்.

பூஸ்டர்கள் என்ன பண்ணாங்க? சேர்ந்து "கலெக்டிவ்"னு அமைப்புகள் ஆரம்பிச்சாங்க. பணத்தை அதில் போடுறது, அது வீரர்களோட விளம்பர ஒப்பந்தம் போடுறது. 2022-ல் எஸ்.எம்.யூ. சார்பான ஒரு கலெக்டிவ், ஃபுட்பால், கூடைப்பந்து வீரர்களுக்கு ஆளுக்கு வருஷம் 36,000 டாலர் தர்றதா அறிவிச்சது. அறிவிச்சதுன்னா, செய்திக் குறிப்பு கொடுத்து, பெருமையா. 1987-ல் ஒரு டீமையே புதைச்ச அந்த 61,000 டாலர், இந்தக் கணக்கில் ரெண்டு பேரோட ஒரு வருஷப் பணத்துக்குக்கூடப் பத்தாது.

அதோட நிக்கலை. பெரிய லீக்கான ஏ.சி.சி.யில் சேர, ஒன்பது வருஷத்துக்கு அந்த லீக்கின் டி.வி. பங்கே வேண்டாம்னு எஸ்.எம்.யூ. எழுதிக் கொடுத்தது. அந்த ஓட்டையை யார் அடைப்பாங்க? அதே டாலஸ் பணக்காரர்கள். 2023-ல் அறிவிப்பு வந்த ஒரே வாரத்தில் பத்து கோடி டாலர் சேர்ந்துச்சு. 2024-ல் லீக்கில் சேர்ந்த முதல் வருஷமே, நாட்டின் முதல் 12 டீம்கள் ஆடுற ப்ளேஆஃபில் எஸ்.எம்.யூ. இருந்தது. பென் ஸ்டேட்டிடம் 38-10 என்று தோத்ததெல்லாம் வேற விஷயம்.

இப்போ 2025 ஜூன் மாசம் ஹவுஸ் வழக்கின் சமரசத்துக்குக் கோர்ட் ஒப்புதல் கொடுத்ததிலிருந்து, காலேஜ்களே நேரடியா வீரர்களுக்குப் பணம் தரலாம். முதல் வருஷத்துக்கு ஒரு காலேஜுக்கு உச்சவரம்பு 2 கோடியே 5 லட்சம் டாலர். பழைய வீரர்களுக்கு நிலுவையாக 280 கோடி டாலர் அளவில். வெளியாட்களோட போடுற ஒப்பந்தம் 600 டாலரைத் தாண்டினா ஆன்லைனில் பதிவு பண்ணணும். பூஸ்டர் கொடுக்கும் பணம் உண்மையான விளம்பரத்துக்குத்தானா, இல்ல விளம்பரம்ங்கற பேரில் சம்பளமான்னு பார்க்க ஒரு தனி கமிஷனும் வச்சிருக்காங்க. உச்சவரம்பைத் தாண்டி ஒரு நல்ல வீரரை இழுக்கணும்னு ஆசைப்படுற கார் டீலர், அந்தக் கமிஷன் கண்ணில் படாம எப்படிக் கொடுக்கலாம்னு இந்நேரம் ஒரு வக்கீலோடு உட்கார்ந்து கணக்குப் போட்டுக்கிட்டு இருப்பார்.